ஆழ்ந்த உறக்கத்துக்கு ஒலியும் அதிர்வும் உதவுமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

உறக்கத்தைக் கூட்டுவதாகச் சொல்லப்படும் ஒலிப்பதிவுகள், அதிர்வு மெத்தைகள், மணிக்கிண்ணங்கள் ஆகியவை பற்றி வாசகர்கள் பலர் எழுதியிருப்பதால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியுள்ளோம். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்; எழுதியோரின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: எனக்கு வயது 54. கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் வேலை. மகள் வாங்கித் தந்த கைக்கடிகாரம், என் ஆழ்ந்த உறக்கம் 40 நிமிடத்தைத் தாண்டவில்லை என்று தினமும் காலையில் காட்டுகிறது. அதைக் கூட்டுவதற்காக, ‘டெல்டா அலை’ என்ற பெயரில் கிடைக்கும் எட்டு மணி நேர ஒலிப்பதிவை இயர்போனில் ஓடவிட்டுப் படுக்கிறேன். சில வாரங்களாகியும் எண்ணிக்கை கூடவில்லை. வேறு பதிவை மாற்றிப் பார்க்கலாமா?
– வாசகி, செராஸ், கோலாலம்பூர்

பதில்: பதிவை மாற்றுவதற்கு முன்பு கடிகாரத்தைப் பற்றிச் சிலவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆழ்ந்த உறக்கம் எது என்பதை மருத்துவர்கள் தலையில் மின்முனைகளை ஒட்டிப் பதிவுசெய்யும் மூளை அலைகளைக் கொண்டுதான் முடிவு செய்கிறார்கள். பதிவை 30 வினாடித் துண்டுகளாகப் பிரித்து, வினாடிக்கு அரை முதல் இரண்டு முறை எழுந்து விழும், 75 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் உயரமுள்ள, ‘டெல்டா’ வகையைச் சேர்ந்த மெதுவான அலைகள் ஒரு துண்டில் ஐந்தில் ஒரு பங்காவது இருந்தால், அத்துண்டை ஆழ்ந்த உறக்கம் எனக் குறிப்பார்கள். மணிக்கட்டில் கட்டிய கருவிக்கு மூளை அலை எட்டாது. அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்து அது ஊகம் செய்கிறது. மொத்தம் எவ்வளவு நேரம் உறங்கினீர்கள் என்பதை ஓரளவு சரியாகச் சொல்லும் கடிகாரங்கள்கூட, அவ்வுறக்கத்தை நிலைகளாகப் பிரிக்கும்போது தடுமாறுகின்றன. தவிர, ஆழ்ந்த உறக்கம் வயதோடு குறைவது இயல்பு. இருபது வயதில் இரவின் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இருப்பது, அறுபதை நெருங்கும்போது பத்தில் ஒரு பங்குக்கு அருகே வந்துவிடுகிறது. ஆண்களுக்கு இன்னும் விரைவாகக் குறைகிறது. உங்கள் வயதில் ஆறரை மணி நேரம் உறங்குபவருக்கு 40 நிமிடம் என்பது, அந்த எண் சரியானதாகவே இருந்தாலும், கலங்க வேண்டிய அளவன்று. பகலில் தூக்கக் கலக்கமின்றி வேலை பார்க்க முடிகிறதா என்பதே கடிகாரத்தைவிட நல்ல அளவுகோல். அதைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை.

இனி ஒலிப்பதிவு. இத்தகைய பதிவுகளின் அடிப்படை இதுதான்: இடக்காதில் 200 ஹெர்ட்ஸ், வலக்காதில் 202 ஹெர்ட்ஸ் என இரண்டு சுருதிகளைத் தனித்தனியே கேட்கச் செய்தால், வினாடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் மூன்றாவது ஒரு துடிப்பை நாம் உணர்கிறோம். அது காற்றில் இல்லை. இரு காதுகளிலிருந்தும் வரும் செய்தி மூளைத்தண்டில் கலக்கும்போது பிறக்கிறது. ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிச் வில்ஹெல்ம் டோவ் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே இதைக் கண்டறிந்தார். இந்தத் துடிப்பு மூளை அலைகளையும் தன் வேகத்துக்கு இழுத்துக்கொள்ளும் என்பதே உங்கள் பதிவை விற்பவர்களின் வாதம். துடிப்பு கேட்பது உண்மை, இழுப்பதுதான் ஐயத்துக்குரியது. இக்கருத்தைச் சோதித்த 14 ஆய்வுகளை 2023இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, ஐந்து சாதகமாகவும், எட்டு எதிராகவும், ஒன்று இரண்டும் கலந்தும் முடிவு தந்திருந்தன. அதை நம்பி இரவு முழுவதும் காதை அடைத்துக்கொண்டு படுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் ஊர் வெக்கையில், இரவெல்லாம் காதுக்குள் செருகியிருக்கும் இயர்போன் ஈரத்தைத் தேக்கி, காதுத் துளையில் புண்ணை வரவழைக்கவும் வழியுண்டு.

இவ்வளவு சொன்ன பிறகு, ஒலியால் ஆழ்ந்த உறக்கத்தின் அலைகளைப் பெரிதாக்க முடியும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2013இல் ‘நியூரான்’ என்னும் ஆய்விதழில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டனர். உறங்குகின்ற 11 பேரின் மூளை அலைகளைக் கணினி நொடிக்கு நொடி கவனித்துக்கொண்டிருந்தது. ஒரு மெதுவான அலை மேலெழும் தருணத்தைக் கண்டவுடன், இமைப்பொழுதுக்கும் குறைவான நேரம் ‘உஸ்’ என்றொரு மெல்லிய இரைச்சலை ஒலிக்கச் செய்தது. அடுத்தடுத்த அலைகள் உயர்ந்தன. முந்தின இரவு மனனம் செய்த சொல் இணைகளை மறுநாள் அவர்கள் கூடுதலாக நினைவுகூர்ந்தார்கள். அதே இரைச்சலை அலையோடு பொருந்தாத தருணத்தில் ஒலித்தபோது பலனில்லை. ஆடும் ஊஞ்சலை அது திரும்பும் கணம் பார்த்துத் தள்ளினால்தான் உயரப் போகும் என்பது போல, இங்கே வேலை செய்தது ஒலியைவிட ஒலித்த நேரமே. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 60 முதல் 84 வயதுக்குட்பட்ட 13 பேரிடம் இதே முறையைச் செய்து பார்த்து, 2017இல் ஒத்த முடிவை வெளியிட்டார்கள்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. இம்முறையால் அலைகளின் உயரம் கூடியதே தவிர, ஆழ்ந்த உறக்கத்தின் மொத்த நேரம் நீண்டுவிடவில்லை. மேலும், உங்கள் கைப்பேசியில் ஓடும் எட்டு மணி நேரப் பதிவுக்கு நீங்கள் விழித்திருக்கிறீர்களா உறங்குகிறீர்களா என்பதே தெரியாது. அலை எப்போது எழுகிறது என்பதை அது எங்கே அறியப்போகிறது! தலையில் கட்டிக்கொள்ளும் மின்முனைப் பட்டைகள் சில இதை வீட்டிலேயே செய்ய முயல்கின்றன. அவை இன்னும் முதிராத கருவிகள்; இப்போதைக்கு வாங்கச் சொல்ல மாட்டேன்.

இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு மாதம் மாலை நான்கு மணிக்குப் பிறகு தே தாரேக் தேநீரையும் காப்பியையும் நிறுத்திப் பாருங்கள். குடித்த காஃபீனில் பாதி வெளியேறுவதற்கே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. அது நேரடியாகக் குறைப்பது ஆழ்ந்த உறக்கத்தைத்தான். கடிகாரத்தையும் அந்த ஒரு மாதம் மேசை இழுப்பறைக்குள் போட்டு வைப்பது நல்லது.

கேள்வி: நான் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், வயது 67. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. எங்கள் வட்டார மண்டபம் ஒன்றில் நடந்த இலவச உடல்நல முகாமில், அதிர்வு மெத்தை ஒன்றில் அரை மணி நேரம் படுக்க வைத்தார்கள். 40 ஹெர்ட்ஸ் அதிர்வு மூளையை டெல்டா நிலைக்குக் கொண்டுபோகும், சர்க்கரையும் அழுத்தமும் மருந்தில்லாமல் இறங்கும் என்றார்கள். படுத்தபோது உண்மையிலேயே சுகமாக இருந்தது, கண்ணும் அயர்ந்தது. விலை 7,800 வெள்ளி (ரிங்கிட்), தவணையிலும் தருகிறார்கள். முன்பணம் கட்டிவிட்டேன். மகன் கோபிக்கிறான். தங்கள் கருத்து என்ன?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: ஐயா, சுகமாக இருந்தது என்று நீங்கள் எழுதியதை நான் மறுக்கவில்லை. தாழ்ந்த ஒலியை உடலில் அதிர்வாகப் பாய்ச்சும் முறை, நார்வே நாட்டு ஓலாவ் ஸ்கில்லே என்பவரின் முயற்சியால் 1980களில் உருப்பெற்றது. நாற்காலியிலோ படுக்கையிலோ ஒலிபெருக்கிகளைப் பொருத்தி, 30 முதல் 120 ஹெர்ட்ஸ் வரையிலான சீரான தாழ்சுருதியை இசையோடு சேர்த்து ஒலிக்கச் செய்வார்கள். தசைகள் விறைத்த குழந்தைகளுக்கும் நாள்பட்ட வலியுடையோருக்கும் இது முதலில் பயன்பட்டது. தோலின் ஆழத்தில் அதிர்வை உணர்வதற்கென்றே நுண்ணிய உணர்விகள் உள்ளன. சீரான மெல்லிய அதிர்வு தசை இறுக்கத்தைத் தளர்த்துவதும் மனம் அடங்குவதும் நம்பத்தக்கவையே. உறக்கமின்மை உள்ள 30 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஓர் ஆய்விலும், அதிர்வுச் சிகிச்சை பெற்றவர்களின் உறக்கம் முன்னேறியது. ஆனால் அதில் ஒப்பிடப்பட்டவர்கள் எதுவும் பெறாமல் காத்திருந்தவர்கள். போலி மெத்தையில் படுத்தவர்களோடு ஒப்பிட்டிருந்தால் இந்த வேறுபாட்டில் எவ்வளவு மிஞ்சும் என்பதை அதைக் கொண்டு சொல்ல முடியாது. கவனிப்பும் எதிர்பார்ப்புமே உறக்கத்தை ஓரளவு முன்னேற்றிவிடும்.

இப்போது அந்த 40 ஹெர்ட்ஸுக்கு வருவோம். ஆழ்ந்த உறக்கத்தின் டெல்டா அலை வினாடிக்கு நான்குக்கும் குறைவு. நாற்பது என்பது மூளை விழிப்போடு கவனம் செலுத்தும்போது காணப்படும் காமா அலையின் வேகம். நாற்பதைக் கொடுத்து டெல்டாவை வரவழைப்பதாகச் சொன்னவருக்கு இரண்டில் ஒன்று தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று எண்ணிவிட்டார். அந்த எண்ணுக்குப் புகழ் வந்த வழி வேறு: அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல், அல்சைமர் நோயை ஒத்த மாற்றங்களுடைய எலிகளுக்கு 40 ஹெர்ட்ஸில் மினுக்கும் ஒளியைக் காட்டி, மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதம் குறைந்ததாக வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த எண் விளம்பரக்காரர்களின் கையில் சிக்கிக்கொண்டது. எலிக்குக் காட்டிய ஒளிக்கும் உங்கள் முதுகுக்குக் கீழே நடுங்கும் மெத்தைக்கும் தொடர்பில்லை.

உங்கள் நிலையில் என்னைக் கவலைப்பட வைப்பது உறக்கத்தைவிட நீரிழிவுதான். நீரிழிவு பல ஆண்டுகள் நீடித்தால் பாதத்து நரம்புகள் முதலில் இழப்பவற்றுள் அதிர்வுணர்வும் ஒன்று, அதனால்தான் கிளினிக்கில் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் கால் பெருவிரலில் வைத்து, “தெரிகிறதா?” என்று கேட்கிறார்கள். உணர்வு குன்றிய காலில் அதிர்வோ மெத்தையின் சூடோ அளவு மீறினாலும் உங்களுக்குத் தெரியாமல் போகலாம். இதயத்துடிப்புக் கருவி பொருத்தியவர்கள், காலில் இரத்தக் கட்டி ஏற்பட்டவர்கள், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், கருவுற்றவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் இத்தகைய மெத்தையில் படுக்கவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மருந்தை நிறுத்தலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பணத்தைப் பற்றி. மருத்துவப் பலன் உண்டு என்று சொல்லி விற்கப்படும் கருவி, மலேசியாவின் 2012ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் சட்டப்படி மருத்துவக் கருவி ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். அதை ஆணையத்தின் பொதுப் பதிவேட்டில் யாரும் சரிபார்க்கலாம். பதிவாகியிருப்பது பாதுகாப்புக்குச் சான்றே தவிர, சொல்லும் பலன் அனைத்துக்கும் சான்றாகிவிடாது. நீரிழிவையும் உயர் இரத்த அழுத்தத்தையும் குணப்படுத்துவதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை, 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடைசெய்கிறது. மண்டபத்தில் உங்களுக்குத் தந்த துண்டறிக்கையில் அப்படி அச்சிட்டிருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். நேரடி விற்பனையாகப் பதிவான வணிகமாயின், ஒப்பந்தத்தை விலக்கிக்கொள்வதற்கு வாங்குபவருக்கு 10 வேலை நாள் அவகாசம் உண்டு. ஆகவே இவ்விதழ் கைக்குக் கிடைத்த அன்றே எழுத்து மூலம் அறிவித்துவிடுங்கள், வாய்ச்சொல் போதாது. பணத்தைத் திருப்பித் தர மறுத்தால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் வழக்குப் பதியலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது, வழக்கறிஞர் தேவையில்லை. மகனின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தை நிரப்ப அவரையே உதவச் சொல்லுங்கள்.

கேள்வி: என் பேரன் தூளியில் போட்டு ஆட்டினால்தான் கண்ணயர்கிறான். மூன்று பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தேன். இப்போது எனக்கே இரவில் இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பெரியவர்களையும் ஆட்டினால் உறக்கம் வருமா என்று விளையாட்டாகக் கேட்டதற்கு, மருமகள் இதற்கு ஆராய்ச்சியே இருக்கிறது என்கிறாள். உண்மையா?
– பாட்டி ஒருவர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: உண்மைதான் அம்மா. இந்த மாதம் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் ஆய்வாளர்கள் பெரியவர்களுக்கென்று ஆடும் கட்டில் ஒன்றைச் செய்தார்கள். 2011இல் 12 ஆண்களைப் பகல் தூக்கத்திலும், 2019இல் 18 இளம் வயதினரை முழு இரவிலும் அதில் உறங்கச் செய்து மூளை அலைகளைப் பதிவுசெய்தார்கள். கட்டில் நான்கு வினாடிக்கு ஒரு முறை பக்கவாட்டில் மெல்ல ஆடியது. ஆடாத இரவைவிட ஆடிய இரவில் அவர்கள் விரைவாக ஆழ்ந்த உறக்கத்துக்குப் போனார்கள், அதில் அதிக நேரம் இருந்தார்கள், இடையில் சிறு விழிப்புகளும் குறைந்தன. மறுநாள் நினைவுச் சோதனையிலும் மேலாகச் செய்தார்கள். முன்னே சொன்ன ஒலி முறையால் கூடாத ஆழ்ந்த உறக்கத்தின் மொத்த நேரம் இதில் கூடியது என்பதைக் கவனியுங்கள்.

ஏன் என்பதற்கான விடை, அதே ஆண்டு வெளியான எலி ஆய்வில் ஒரு பகுதி கிடைத்தது. உட்காதில் சமநிலையை உணர்த்தும் நுண்கற்கள் உள்ளன. அவ்வுறுப்பு வேலை செய்யாத எலிகளை எவ்வளவு ஆட்டினாலும் உறக்கம் மாறவில்லை. மற்ற எலிகள் வினாடிக்கு ஒரு முறை ஆட்டியபோது விரைந்து உறங்கின. ஆக, தூளியின் பலன் தோலின் வழியாகவோ கேட்கும் காதின் வழியாகவோ போவதில்லை, சமநிலைப் புலனின் வழியாகப் போகிறது. தாலாட்டின் இசையை நாம் எவ்வளவோ பாராட்டியிருக்கிறோம். ஆட்டிய கைக்கு அதில் பாதிப் பங்கு உண்டு போலும்.

ஆனால் வீட்டில் செய்து பார்ப்பதற்குக் கணக்கு இடம் தரவில்லை. தொங்கும் பொருள் ஆடும் வேகத்தைத் தீர்மானிப்பது கயிற்றின் நீளம். ஒன்றரை மீட்டர் கயிற்றில் தொங்கும் தூளி ஏறத்தாழ இரண்டரை வினாடிக்கு ஒரு முறை ஆடும். ஜெனீவாக் கட்டிலைப் போல நான்கு வினாடி எடுக்க வேண்டுமானால் நான்கு மீட்டர் கயிறு வேண்டும். அவ்வளவு உயரமான கூரை அடுக்குமாடி வீட்டில் கிடைக்காது. பழைய வீட்டு ஊஞ்சல் பலகை ஓரளவு அருகே வரும், ஆனால் அதில் இரவு முழுதும் படுத்துறங்கினால் விழுந்துவிடும் ஆபத்து உண்டு. இரண்டு மணிக்கு எழுந்து இறங்கும்போது இடுப்பெலும்பு முறிந்தால் பிறகு உறக்கத்தைப் பற்றிப் பேச இடமிருக்காது. மேலும் ஜெனீவாவில் சோதிக்கப்பட்டவர்கள் நல்ல உறக்கமுடைய இளையவர்கள். முதுமையில் உறக்கம் கலைபவர்களுக்கும் அதே பலன் கிடைக்கும் என்று அதைக் கொண்டு முடிவுகட்ட முடியாது. உங்கள் இரண்டு மணி விழிப்புக்கு, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நாற்காலியில் வரும் குட்டித் தூக்கத்தை விடுவதும், மாலை ஏழு மணிக்கு மேல் தண்ணீரைக் குறைப்பதும், படுக்கப் போகும் நேரத்தை அரை மணி தள்ளிப்போடுவதும் முதலில் செய்ய வேண்டியவை.

பேரனைப் பற்றியும் ஒரு சொல், நீங்கள் கேட்காவிட்டாலும். கண்ணயரும் வரை தூளியில் ஆட்டுங்கள்; அயர்ந்த பிறகு தட்டையான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கக் கிடத்திவிடுங்கள். வளைந்த துணிக்குள் பச்சிளங்குழந்தையின் கழுத்து முன்னே மடிந்து மூச்சுப்பாதை அடைபடலாம். ஸ்பிரிங்கில் தொங்கும் மின்சாரத் தொட்டிலுக்கும் இதே விதிதான். ஒலி எழுப்பும் உறக்கக் கருவிகளையும் தொட்டிலோடு கட்டிவைக்க வேண்டாம்: குழந்தைகளுக்கென விற்கப்பட்ட 14 கருவிகளை அளந்து 2014இல் வெளியிட்டபோது, முழு ஒலியில், 30 சென்டிமீட்டர் தொலைவில், அத்தனையும் 50 டெசிபலைத் தாண்டின, மூன்று 85 டெசிபலையும் தாண்டின. அது தொழிற்சாலைகளில் காதுக் காப்பு கேட்கப்படும் அளவு.

கேள்வி: பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இரவு ஷிப்ட் வேலை. காலை எட்டரைக்கு வீட்டுக்கு வந்து படுத்தால், கீழே சாலையில் மோட்டார் சைக்கிள், எதிர்வீட்டில் தொலைக்காட்சி. மழை ஒலி, ‘பிங்க்’ இரைச்சல் ஆகியவற்றை ஒலிக்கவிட்டால் ஆழ்ந்து உறங்கலாம் என்கிறார்கள். சரியா?
– வாசகர், பினாங்கு

பதில்: இங்கே ஒலிக்கு உண்மையான வேலை இருக்கிறது, ஆனால் அது ஆழ்ந்த உறக்கத்தை உண்டாக்கும் வேலையன்று, கலைக்கும் ஒலியை மறைக்கும் வேலை. உறங்குபவரை எழுப்புவது சத்தத்தின் அளவைவிட அது திடீரென ஏறும் ஏற்றம். அமைதியான அறையில் கேட்கும் ஒரு மோட்டார் சைக்கிள் உங்களை எழுப்பிவிடும். விசிறியின் சீரான ஒலி சூழ்ந்த அறையில் அதே மோட்டார் சைக்கிள் அவ்வளவாகத் துருத்தி நிற்காது. ‘வெள்ளை’ இரைச்சலில் எல்லாச் சுருதிகளும் சம வலுவில் இருப்பதால் காதுக்குச் சீறலாகப் படும். பிங்க் இரைச்சலில் சுருதி இரட்டிக்கும்தோறும் வலு மூன்று டெசிபல் குறைந்துகொண்டே போவதால், தகரக் கூரை மழையைப் போல மென்மையாகக் கேட்கும். இரண்டில் எது நல்லது என்று வாதிடுவதற்குப் போதிய ஆதாரம் இல்லை. தொடர் இரைச்சலும் உறக்கமும் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிய 2021ஆம் ஆண்டு மறுஆய்வு, சான்றுகளின் தரம் மிகவும் தாழ்வு என்றே முடித்தது. ஆகையால் மேசை விசிறியே போதும். அது வெக்கையையும் தணிக்கும்.

படுக்கையறையில் தொடர் ஒலி 30 டெசிபலைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் வழிகாட்டியது. ஒலி எழுப்பி ஒலியை மறைப்பதில் அந்த அளவை மீறுகிறோம் என்பதை மறக்க வேண்டாம். ஒலிபெருக்கியைத் தலைமாட்டில் வைக்காமல் சாலைப் பக்கச் சன்னலோரம் வையுங்கள். மறைக்கும் அளவுக்கு மட்டும், பேச்சுக் குரலைவிடத் தாழ்வாக ஒலிக்கட்டும். பஞ்சுக் காதடைப்பான் இதைவிட மலிவு. உங்கள் பெரிய எதிரி சத்தமுமன்று, வெளிச்சம். பகலில் உடலின் கடிகாரம் விழித்திருக்கச் சொல்கிறது. தடித்த கறுப்புத் திரைச்சீலைக்குச் செலவிடும் பணம் எந்த ஒலிக் கருவிக்குச் செலவிடுவதைவிடவும் உங்களுக்குப் பலன் தரும்.

கேள்வி: பங்சாரில் மணிக்கிண்ண ஒலிக்குளியலுக்கு ஒரு முறை போக 90 வெள்ளி கேட்கிறார்கள். யோகா ஆசிரியையோ பிராமரி என்னும் மூச்சுப் பயிற்சி போதும் என்கிறார். என் அம்மா நீலாம்பரி ராகம் கேள் என்கிறார். எதை நான் கேட்பது?
– கல்லூரி மாணவி, கோலாலம்பூர்

பதில்: அம்மாவை. இசை கேட்பது பற்றி மட்டுமே ஓரளவு உறுதியான சான்று உள்ளது. உறக்கமின்மை உடைய பெரியவர்களிடம் நடந்த 13 சோதனைகளை, மொத்தம் 1,007 பேரை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2022இல் ஆராய்ந்தது. நாள்தோறும் 25 முதல் 60 நிமிடம் பதிவுசெய்த இசை கேட்டவர்கள் தங்கள் உறக்கம் மேம்பட்டதாகக் கூறினார்கள். கூறினார்கள் என்பதைக் கவனிக்க: ஆழ்ந்த உறக்கத்தின் அலைகள் கூடின என்று அது நிறுவவில்லை. நீலாம்பரிக்கென்று தனிச் சிறப்பு அறிவியலில் காட்டப்படவில்லை; ஆனால் சிறுவயதில் கேட்டுப் பழகிய மெதுவான இசை உங்களை அமைதிப்படுத்துமானால், அதை ஒதுக்கக் காரணமே இல்லை.

மணிக்கிண்ண ஒலி கேட்ட 62 பேரின் மன இறுக்கம் குறைந்ததாக 2017இல் ஓர் அமெரிக்க ஆய்வு வெளியானது. ஒப்பிடுவதற்கு வேறு குழு அதில் இல்லை, அளந்ததும் மனநிலையைத்தான். பணம் மிஞ்சினால் போய் வாருங்கள், கெடுதல் இல்லை. பிராமரியில், ரீங்காரம் செய்துகொண்டு மூச்சை விடும்போது மூக்கிலிருந்து வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு, சும்மா மூச்சு விடுவதைக் காட்டிலும் பதினைந்து மடங்கு வரை கூடுவதாக சுவீடன் ஆய்வாளர்கள் 2002இல் கண்டார்கள். அது சுவாரசியமான செய்தி, ஆனால் உறக்கத்துக்கான சான்றாகாது. பிராமரி உறங்குவதற்கு உதவுமானால், வெளிமூச்சு நீண்டு இதயத் துடிப்பு தணிவதே காரணமாக இருக்கும். செலவு இல்லாதது, படுக்கும் முன் ஐந்து நிமிடம் செய்யுங்கள்.

கேள்வி: என் கணவர் லோரி ஓட்டுநர், 46 வயது, சற்றுப் பருமன். படுத்தவுடன் உறங்கிவிடுவார், குறட்டை அடுத்த அறை வரை கேட்கும். திடீரென்று நிற்கும், பிறகு மூச்சுத் திணறியது போல மீண்டும் தொடங்கும். எட்டு மணி நேரம் உறங்கியும் காலையில் தலைவலி, பகலில் தூங்கி விழுகிறார். அவருக்கு ஆழ்ந்த உறக்கம் வர எந்த ஒலியைப் போடலாம்?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: எந்த ஒலியையும் போடாதீர்கள் அம்மா. நீங்கள் விவரித்திருப்பது உறக்க மூச்சுத்தடை நோயின் அடையாளங்கள். தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை அரைகுறையாக விழித்து மூச்சை மீட்கிறது. கடுமையாக இருப்பவர்களுக்கு இது மணிக்கு 30 முறைக்கு மேல் நிகழும். ஆழ்ந்த உறக்கத்துக்குள் இறங்க இறங்க அந்த விழிப்பு அவரை வெளியே இழுத்துவிடுகிறது. எந்த இசையாலும் அதிர்வாலும் அடைபட்ட பாதையைத் திறக்க முடியாது. தூக்க மாத்திரையும் மதுவும் தசையை மேலும் தளர்த்தி நிலைமையை மோசமாக்கும். ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் அறிமுகப்படுத்திய முறையில், முகமூடி வழியாக மெல்லிய காற்றழுத்தம் செலுத்திப் பாதையைத் திறந்தே வைத்திருக்கும் கருவி இன்றும் முதன்மைச் சிகிச்சையாக இருக்கிறது. அதை அணிந்த முதல் சில இரவுகளிலேயே, இழந்திருந்த ஆழ்ந்த உறக்கம் பெருகித் திரும்புவதைப் பலரிடம் காண்கிறார்கள்.

இன்றிரவே அவருடைய குறட்டையைக் கைப்பேசியில் ஒரு பத்து நிமிடம் பதிவுசெய்யுங்கள். மூச்சு நிற்கும் இடம் அதில் இருக்கட்டும். சட்டைக் கழுத்தின் சுற்றளவை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 40 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் மருத்துவர் அதையும் கணக்கில் எடுப்பார். இரண்டையும் எடுத்துக்கொண்டு, அவரோடு நீங்களும் அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குப் போங்கள். தாம் குறட்டை விடுவதை அவர் ஒப்புக்கொள்ளாமல் இருக்கலாம், ஆகவே பார்த்ததைச் சொல்ல நீங்கள் வேண்டும். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு வெள்ளிதான். உறக்கப் பரிசோதனைக்காகப் பெரிய மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அவர் லோரி ஓட்டுகிறார், பகலில் கண்ணயர்கிறார் என்ற இரண்டு செய்திகளையும் மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்; காத்திருப்போர் வரிசையில் அவரை முன்னே கொண்டுவர அதுவே நியாயமான காரணம். பரிசோதனை முடியும் வரை இரவு நேர நெடுஞ்சாலைப் பயணங்களை வேறொருவருக்கு மாற்றித் தருமாறு முதலாளியிடம் கேட்கச் சொல்லுங்கள்.